எங்கள் வீட்டு மணியும் மஞ்சள் விளக்கும்

ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் காலம் தள்ளியவனுக்கு நாயைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கால்நடை மருத்துவம் படித்தவனல்ல. படித்ததெல்லாம் எஞ்சினியரிங் டிப்ளமோ. ஆனால் ஓய்வு பெற்ற பின் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு லாப்ரடார் எனக்குச் சில பாடங்களைக் கற்றுக்கொடுத்தது. அவற்றில் ஒரு பாடத்துக்கு, நான் செய்த தவறுக்காக, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் விலை கொடுத்தான். தில்லியில் நம்மவர் வீடுகளிலும் இப்போது நாய் வளர்ப்பது பெருகி வருகிறது. அதனால்தான் வெட்கத்தைப் பார்க்காமல் இதை எழுதுகிறேன்.

வேலைக்காகப் பெங்களூருக்கு மாற்றலான என் மகன், இரண்டு மாதக் குட்டியை எங்கள் மயூர் விஹார் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அவன் வைத்த பெயர் புரூனோ. "வாயில் நுழையாத பெயரெல்லாம் எதற்கு?" என்று என் மனைவி முதல் நாளே அதை மணி ஆக்கிவிட்டாள்.

ஒரு சிக்னலுக்கு ஒரே பொருள்

முதல் இரண்டு மாதம் மணி எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. மக்கு நாய் என்றே முடிவு கட்டியிருந்தோம். பிறகுதான் யோசித்தேன். நான் 'ஸிட்' என்பேன். மனைவி 'உட்காரு' என்பாள். வேலைக்கு வரும் அம்மாள் 'பைட்டோ' என்பார். கூப்பிடுவதற்கும் அப்படியே மும்மொழித் திட்டம். போதாததற்குப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி நண்பர், மணி எப்போதாவது ஒழுங்காக உட்கார்ந்தால் 'வாஹ், வாஹ்!' என்று பாராட்டுவார். அது உடனே எழுந்து அவரிடம் ஓடும். எங்கள் வீட்டில் 'வா' என்றால் வரவேண்டும் அல்லவா? தப்பு நாயுடையதா?

ரயில்வேயில் ஒரு சிக்னலுக்கு ஒரே பொருள்தான். டிரைவர் தமிழரா, பிஹாரியா என்று பார்த்துப் பச்சை விளக்கு பொருள் மாறுவதில்லை. அன்றே ஒரு தாளில் ஐந்து சொற்களை எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்: வா, உட்கார், இரு, விடு, வேண்டாம். வீட்டில் யாராக இருந்தாலும் இந்தச் சொற்கள்தான். ஒரு முறைதான் சொல்ல வேண்டும். செய்தவுடன், அந்த நொடியிலேயே, ஒரு துண்டு வேகவைத்த கோழியோ, பன்னீரோ, ஒரு தட்டிக்கொடுப்போ கிடைக்க வேண்டும். நேரம் கழித்துக் கொடுக்கும் பரிசு எதற்காக என்று அதற்குப் புரியாது. பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்றே வாரத்தில் 'மக்கு' மணி புத்திசாலி ஆகிவிட்டது.

ஓர் ஒலியைத் தொடர்ந்து உணவு வந்துகொண்டே இருந்தால், நாளடைவில் ஒலி கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். எங்கள் மணிக்கு மணி அடிக்கவே வேண்டாம். பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் போதும்!

சிறுநீர் விஷயமும் அப்படித்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே கொண்டுபோக வேண்டும். உரிய இடத்தில் போனால் பாராட்ட வேண்டும். எப்போதோ தரையில் போனதற்கு இப்போது மூக்கைத் தேய்த்துத் திட்டினால், அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதரைக் கண்டால் பயப்பட வேண்டும். அதேபோல், 'வா' என்று கூப்பிட்டு அடிக்கவே கூடாது. அடுத்த முறை நடுரோட்டில் கூப்பிடும்போது வராது.

திரும்ப வேண்டிய தேதி

ரயில் பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் தேதிகள் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முழுப் பராமரிப்பு முடிந்த தேதி ஒன்று. மீண்டும் பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதி மற்றொன்று. நாய்க்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான தடுப்பூசி தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். பார்வோ வந்த குட்டி வாந்தியும் ரத்தப்பேதியுமாய் இரண்டு மூன்று நாளில் போய்விடலாம். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, டாக்டர் சொல்லும் நாளில் இன்னொன்று, பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்து குட்டிப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

தில்லிக்கென்று சில தனிக் கவலைகளும் உண்டு. மே மாதத்தில் நாற்பத்தைந்து டிகிரியைத் தொடும் வெயில் அவற்றில் ஒன்று. நாய்க்கு நம்மைப்போல் உடலெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால், அதன் பாதமும் பொறுக்காது. விடியற்காலையிலோ, இருட்டிய பிறகோதான் நடை. மழைக்காலம் வந்தால் உண்ணி. காது, கழுத்து, விரலிடுக்கு என்று தினமும் பார்க்க வேண்டும். விரலால் நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். ஜுரம் அடித்து, சோறு வேண்டாம் என்று படுத்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசியம்.

நம் வீட்டுச் சாப்பாட்டிலும் ஜாக்கிரதை. சாம்பார் வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷமே. நமக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நாமாகக் கொடுக்கவே கூடாது. தீபாவளி இரவில் ஜன்னல்களைச் சாத்தி, டெலிவிஷனைச் சற்று உரக்க வைத்து, கூடவே ஒருவர் இருந்தால் போதும். கழுத்துப்பட்டையில் டெலிபோன் எண் இருக்கட்டும். மிரண்டு ஓடினால் திரும்பி வர வழி.

நான் செய்த தவறு

இவ்வளவும் தெரிந்த நான்தான் தவறு செய்தேன், ஒன்றல்ல, இரண்டு.

மணிக்கு எட்டு மாதம் இருக்கும்போது, சோற்றுத் தட்டருகே யாராவது போனால் மெல்ல உறுமும். 'வளர்த்த கையையே உறுமுகிறாயா?' என்று செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் இரண்டு போடு போட்டேன். ஒரு வாரத்தில் உறுமல் நின்றது. 'பார்த்தாயா, எப்படித் திருத்திவிட்டேன்!' என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். "அது திருந்தின மாதிரி தெரியலைங்க. பயந்த மாதிரிதான் தெரியுது" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது தவறு, தேதி. மணியின் மூன்றாவது வயதில், ஆண்டுத் தடுப்பூசிக்குரிய நாளில் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீரங்கம் போயிருந்தோம். திரும்பி வந்து, நாளை, நாளை என்று நான்கு மாதம் ஓடிவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் தெரு முனையில் மரத்தடியில் இஸ்திரி போடும் அம்மாளின் பையன், துணியைக் கொடுக்க வந்தான். மணியோடு நன்றாகப் பழகியவன்தான். மணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பையன் ஆசையாகக் குனிந்து முதுகைத் தடவினான். உறுமல் இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரே கவ்வு. முழங்கைக்குக் கீழே பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது.

எங்கள் சிக்னலில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சள் இருக்கிறது. 'அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா' என்று அதற்குப் பொருள். நாயின் உறுமல்தான் அந்த மஞ்சள் விளக்கு. 'எனக்குப் பயமாக இருக்கிறது, விலகிப் போ' என்று அது மரியாதையாகச் சொல்லும் சொல். நான் அதன் பயத்தைப் போக்கவில்லை. மஞ்சள் விளக்கைத்தான் உடைத்தேன். ஆயுள் முழுதும் சிக்னலைக் காத்தவன் செய்கிற காரியமா இது?

செய்திருக்க வேண்டியது வேறு. உறுமினால் விலகி நின்று, தட்டருகே வரும்போதெல்லாம் அதைவிட ருசியான ஒரு துண்டை எட்டத்திலிருந்தே போட்டுவிட்டுப் போக வேண்டும். மனிதர் வந்தால் சோறு போகாது, கூடுதலாகத்தான் வரும் என்று அது தெரிந்துகொள்ளும். குழந்தைகளைச் சாப்பிடும் நாயருகே விடவே கூடாது.

பத்து நாள்

கடித்தவுடன் ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினேன். மஞ்சளோ, மிளகாய்ப்பொடியோ, சுண்ணாம்போ வைக்கக் கூடாது. நேராக அரசு மருத்துவமனை. ரத்தம் வந்த கடி என்பதால், காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"பாபுஜி, உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்கள் அல்லவா?" என்று அந்த அம்மாள் கேட்டார். பீரோவிலிருந்து எடுத்து வந்த தடுப்பூசி அட்டை என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட எனக்கு முகமில்லை. "நாலு மாதம் தள்ளிப்போய்விட்டது அம்மா" என்றேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. ஒன்றும் பேசாமல் பையனின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

மணியைப் பத்து நாள் தனியாக வைத்துக் கவனிக்கச் சொன்னார் கால்நடை டாக்டர். கடித்த சமயத்தில் நாயின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் அதற்கு நோய் வெளிப்பட்டுவிடும். பத்தாம் நாளும் ஆரோக்கியமாக இருந்தால் அந்தக் கடியால் வெறிநோய் வராது. ஆனால் அதுவரை ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். நோய் வெளிப்பட்ட பின் மனிதரைப் பிழைக்க வைக்கும் மருந்து இன்றும் இல்லை.

அந்தப் பத்து நாளும் விடிந்ததும் மணிக்குத் தண்ணீர் வைத்து, குடிக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு மரத்தடிக்குப் போய், "குடித்தது, சாப்பிட்டது" என்று அந்த அம்மாளிடம் சொல்வேன். அவர் தலையசைப்பார். பதினோராம் நாள் போனபோது, சொல்லும் முன்பே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றே மணிக்கு ஊசி போட்டு வந்தேன். பையனை எல்லா ஊசிக்கும் நானே அழைத்துப் போனேன்.

ஊசியின் கதை

இந்த ஊசி இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை. 1885-இல் பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இதைப் போட்டார். அதன் பிறகு பல ஆண்டுகள், இந்தியாவில் நாய் கடித்த ஆங்கிலச் சிப்பாய்களைக் கப்பலேற்றிப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். 1900-இல் கசௌலி மலையில் நம் நாட்டின் முதல் பாஸ்டர் நிலையம் வந்தது. 1907-இல் நம் குன்னூரிலும் ஒன்று. வட இந்தியாவில் கடிபட்டவர்கள் ரயிலேறிக் கசௌலிக்குப் போனார்கள். அங்கே டேவிட் செம்பிள் என்ற டாக்டர் 1911-இல் ஆட்டு மூளையிலிருந்து தடுப்பு மருந்து தயாரித்தார். எங்கள் தலைமுறை நடுங்கிய, வயிற்றில் போடும் பதினான்கு ஊசி அதுதான். 2004-ஆம் ஆண்டோடு அது கைவிடப்பட்டது. இன்று நான்கைந்து முறை கையில் சிறு ஊசி, அவ்வளவே.

2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், அதே மாதம் அதில் செய்த மாற்றமும் நம் காலனிகளில் எத்தனை சண்டைகளைக் கிளப்பின! இரு தரப்பும் தெருவைத்தான் பார்த்தன. ஆனால் அந்தப் பையனைக் கடித்தது தெருநாய் அல்ல. கழுத்துப்பட்டை கட்டிய, படித்தவர் வீட்டு நாய். 1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டப்படி வீட்டு நாயைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை. தனியார் டாக்டரிடம் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குத் தீஸ் ஹசாரியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

பையன் இப்போதும் வருகிறான். முதலில் வாசலிலேயே நின்றான். இப்போது உள்ளே வந்து 'உட்கார்' என்று தமிழில் சொல்கிறான். மணி உட்காருகிறது. ஆனால் தட்டு வைத்திருக்கும் நேரத்தில் நான் யாரையும் உள்ளே விடுவதில்லை. சில மாதமாக மணி மறுபடியும் எப்போதாவது மெல்ல உறுமுகிறது. நான் விலகிக்கொள்கிறேன். உடைத்த விளக்கு மீண்டும் எரிகிறதே என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் புரட்டும் முன், எழுந்து போய் அதன் தடுப்பூசி அட்டையில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.