புறம்போக்கும் புஸ்தகசாலையும்

சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றுவதனால் ஜனங்களுடைய வாழ்வு மாறிவிடுமோ என்று வினவுவோர் உண்டு. ஒரு சொல்லினாலேயே ஒருவனுக்கு உரிமை கிட்டுவதையும், மற்றொரு சொல்லினாலேயே அயலான் தெருவில் நிற்பதையும் நியாயஸ்தலங்களில் பழகியோர் தினந்தோறும் காண்கின்றனர். 1922-ஆம் வருஷத்தில் எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்து, இழிவான பழம்பெயர்கள் நீங்கி 'ஆதி திராவிடர்' என்ற பெயர் வழங்குமாறு செய்தார். 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், 'காலனி' என்ற சொல் சர்க்கார் தஸ்தாவேஜுகளினின்றும் நீக்கப்படும் என்று முதல்மந்திரி மு. க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். இரண்டையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், பெயர் மாறிய இடத்தில் பொருளும் வந்து சேரவேண்டுமன்றோ?

'புறம்போக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். வரிவிதிப்புக்குப் புறம்பான பொதுநிலம் என்பதே அதன் ஆதிப்பொருள். மேய்ச்சல்தரையும், ஏரியும், கழியும், கடற்கரையும் ஒருவனுக்கன்றி ஊருக்கே உரியவை என்று நம் முன்னோர் வைத்திருந்தனர். ரெவினியூக் கணக்கில் புகுந்த அச்சொல் நாளடைவில் பயனற்றது என்று பொருள் திரிந்து, வசைமொழியாகவும் ஆயிற்று. பயனற்றதென்று கருதப்பட்டபடியாலேயே எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிய விடப்பட்டது போலும்! 2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இச்சொல்லின் மானத்தை மீட்க எழுந்ததேயாகும்.

இதற்கும் புஸ்தகசாலைக்கும் என்ன சம்பந்தம்? சொல்லுகிறோம். சுதந்தர இந்தியாவில் முதன்முதலாக நூலகச் சட்டம் இயற்றிய பெருமை நம் மாகாணத்துக்கே உரியது. எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியாலும், கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியாரின் உறுதியாலும் 1948-இல் அது நிறைவேறிற்று. அதன்படி வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று சொத்துவரியில் நூற்றுக்குப் பத்து வீதம் ஜனங்கள் செலுத்துகின்றனர். ஜனங்கள் தாமே நடத்தும் புஸ்தகசாலைக்கோ, டைரக்டர் 'உதவிக்கு உரியது' என்று பிரகடனம் செய்தாலன்றிக் காலணாவும் கிட்டாது. காசிமேட்டிலோ எண்ணூர்க் குப்பத்திலோ புறம்போக்கில் கூரை வேய்ந்து நடக்கும் படிப்பகத்தாரிடம் பட்டாவும் சொந்தக் கட்டடமும் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

வாசகசாலை வடசென்னைக்குப் புதிதன்று. பெரம்பூரில் மில் தொழிலாளர் கூடிப் பிரசங்கம் கேட்ட ஒரு சபையிலிருந்தே 1918-இல், பி. பி. வாடியா தலைவராக, சென்னைத் தொழிலாளர் சங்கம் கிளைத்தது. ஜனங்கள் தாமே கூடிக் கற்கும் இடத்தில் எத்தகைய சக்தி பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மலையாள தேசத்தைப் பாருங்கள். 1945-இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 வாசகசாலைகளைத் திரட்டி ஒரு சங்கம் கண்டார். 1989-ஆம் வருஷத்துக் கேரளச் சட்டம் அவ்வியக்கத்துக்கு அரணாயிற்று. அங்கே புஸ்தகசாலை ஊராருடையதாகவே இருக்கிறது. அங்கத்தினரே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். நூலகக் கவுன்சில் தரத்துக்கேற்ப மானியம் அளிக்கிறது. சர்க்கார் உதவியும் ஜன சுதந்தரமும் ஒருங்கே இருக்கலாகாது என்பார்க்கு இதுவே விடை.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, 'சமூக நூலகம்' என்ற சொல் தக்க இலக்கணத்துடன் சட்டத்தில் ஏறவேண்டும். ஊரார் கூடி நடத்துவதும், எவருக்கும் கதவு திறந்திருப்பதும், கணக்கு ஒழுங்காயிருப்பதுமே அதற்கு லக்ஷணமாகட்டும். இரண்டாவது, பட்டா இல்லாமை உதவிக்குத் தடையாகலாகாது. மூன்றாவது, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வசூலாகும் நூலக வரியில் ஒரு பங்கு அவ்விடங்களிலேயே செலவாக வேண்டும்.

காற்றையும் நீரோட்டத்தையும் கண்டே வலைவீசும் பரதவர் அறிவும், கழியில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் அறிவும் இன்னும் ஏட்டில் ஏறவேண்டியவை மிகுதி. அவற்றை எழுதிவைக்கவும், அம்மக்களின் குழந்தைகள் மாலைவேளையில் அமர்ந்து படிக்கவும் ஊருக்கு ஓர் அறையேனும் வேண்டாமா? 'எல்லோர்க்கும் உரியது' என்பதே புறம்போக்கின் மெய்ப்பொருள். புஸ்தகசாலைக்கும் அதுவே பொருள். இதை உணர்ந்து சட்டசபை அங்கத்தினர்கள் திருத்தம் கொணர்வார்களாக.