மெக்கானிக் என்னும் பழஞ்சொல்

மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் நாம் தேடி ஓடுவது மெக்கானிக்கைத்தான். இச்சொல்லை நம் மக்கள் தமிழாகவே ஆக்கிக்கொண்டனர். ஆயின் நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவனை மெக்கானிக் என்றழைக்க அவன் இயந்திரத்தைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. தறி நெய்பவன், மரம் இழைப்பவன், துணி தைப்பவன், பாத்திரத்து ஓட்டை அடைப்பவன் ஆகிய யாவரும் மெக்கானிக்குகளே. கையால் உழைத்துப் பிழைப்பவன் என்பதே அதன் பொருள். கூடவே, தாழ்ந்தவன், நயமறியாதவன் என்னும் இளக்காரமும் அதில் ஒட்டியிருந்தது.

இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது? சொல்லின் கிரேக்க வேரில் அது இல்லை. உபாயம், கருவி, சூழ்ச்சித்திறன் என்பனவே அவ்வேரின் பொருள். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தூய விக்டர் மடத்தில் வாழ்ந்த ஹியூ என்னும் பேரறிஞர், பிறன்மனை நயப்பவனைக் குறிக்கும் வேறொரு சொல்லோடு இதனை முடிச்சுப் போட்டுவிட்டார். கைத்தொழில் இயற்கையைப் போலி செய்வது, ஆகவே கலப்படமானது என்பது அவர் கொண்ட விளக்கம். அதே ஹியூதான் நெசவு, உழவு, மருத்துவம் உள்ளிட்ட ஏழு கைத்தொழிற் கலைகளை வரிசைப்படுத்தி, மனித உடலின் குறைகளுக்கு அவை மருந்து என்று கூறி, அறிவுத் துறைகளுள் அவற்றிற்கு இடமும் அளித்தவர். பொருளைப் போற்றியவர் பெயரின் வேரைத் தவறாகப் பிடித்தார். பெரியோர் சொன்ன தவறு என்பதால் அது நெடுங்காலம் வாழ்ந்தது!

ஷேக்ஸ்பியரிடம் இச்சொல் படும் பாட்டைச் சற்று நின்று பார்ப்போம். 1590களின் நடுவில் அவர் எழுதிய 'நடுவேனிற்கால இரவின் கனவு' நாடகத்தில், ஏதென்ஸ் கோமகனின் திருமணத்தில் நாடகம் ஆடிக்காட்ட அறுவர் கூடுகின்றனர். நெசவாளர் பாட்டம், தச்சர் குவின்ஸ், மரப்பொருத்து வேலை செய்பவர் ஒருவர், துருத்தி செப்பனிடுபவர் ஒருவர், பாத்திரம் அடைப்பவர் ஒருவர், தையற்காரர் ஒருவர். இவர்களை மெக்கானிக்கல்கள் என்று ஏளனம் செய்வது ஒரு குறும்புத் தேவதை. அவர்கள் ஆட்டமும் ஏளனத்திற்கு உரியதாகத்தான் அமைகிறது, அவையோர் நகைக்கின்றனர். ஆயினும் கோமகன், எளியோர் கடமையுணர்வோடு அளிப்பதைக் குறைவாக எண்ணலாகாது என்று முன்னரே சொல்லிவிடுகிறான். கையுறை தைத்து விற்றவரின் மகன் ஷேக்ஸ்பியர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1599ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஜூலியஸ் சீசர்' நாடகமும் இச்சொல்லோடுதான் திறக்கிறது. வேலை நாளில் தெருவில் திரியும் தொழிலாளரை அதிகாரிகள் இருவர் மடக்குகின்றனர். மெக்கானிக்குகளாகிய நீங்கள் தொழிலின் அடையாளம் இன்றி நடமாடலாமோ என்பது அவர்கள் அதட்டல். தச்சனிடம் தோல் மேலாடையும் அளவுகோலும் எங்கே என்கின்றனர். செருப்புத் தைப்பவரோ சளைக்கவில்லை. ஆங்கிலத்தில் காலணியின் அடித்தோலுக்கும் ஆன்மாவுக்கும் ஒலி ஒன்றே. கெட்டுப்போன அவற்றைச் செப்பனிடுபவன் நான் என்று இருபொருள்பட விடையிறுக்கிறார். குருக்களாகிய நம் தொழிலில் அவர் பங்கு கேட்கிறார் என்று நாம் வழக்குத் தொடுப்பதற்கில்லை.

1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும் இழிந்த தொழில் என்னும் பொருளை இச்சொல்லுக்குத் தந்தார். அதற்கு முன்னரே மறுப்புக் குரல் எழாமலில்லை. ஜோசப் மாக்சன் என்னும் இலண்டன் அச்சுத் தொழிலாளி, 1670களின் இறுதியிலிருந்து கொல்வேலை, தச்சு, கடைசல் முதலியவற்றை விளக்கிப் பகுதி பகுதியாக நூல் வெளியிட்டு, அதன் தலைப்பிலேயே இச்சொல்லைத் துணிந்து வைத்தார். 'மோட்ச பிரயாணம்' என்னும் பெயரில் தமிழிலும் அறியப்பட்ட நூலின் ஆசிரியரான ஜான் பனியன் பாத்திரம் அடைக்கும் தொழிலினர். கல்லூரி காணாது போதித்த அவரைப் போன்றோரை மெக்கானிக் போதகர் என்று பழித்தனர்.

இப்பழிப்பு நாசரேத்தூர் மக்கள் வாயிலும் கேட்டதுதான். இவர் தச்சர் மகன் அல்லவா என்கிறார்கள் மத்தேயு நற்செய்தியில் (13:55). மாற்குவிலோ இயேசுவையே தச்சர் என்கிறார்கள் (6:3). அங்குள்ள கிரேக்கச் சொல் 'தெக்தோன்'. மரவேலை செய்பவர், வீடு கட்டுபவர் என இரண்டிற்கும் அது பொருந்தும். இலத்தீன் விவிலியம் இட்ட 'ஃபாபர்' என்னும் சொல் அதனினும் விரிந்தது; எப்பொருளில் வேலை செய்யும் கைவினைஞரையும் அது குறிக்கும். ஷேக்ஸ்பியர் காலத்து நாகரிகக் கனவான் எவனும் புனித சூசையப்பரின் பட்டறையைக் கண்டிருந்தால் மெக்கானிக் என்றே சொல்லியிருப்பான்.

சொல்லுக்கு நற்பெயர் வந்தது பட்டறைகள் வழியாகவே. அமெரிக்காவில் வெள்ளிக் கொல்லர் பால் ரெவேர், 1795இல் தொடங்கிய மாசச்சூசெட்ஸ் மெக்கானிக்குகளின் சங்கத்திற்கு முதல் தலைவரானார். கிளாஸ்கோ நகரில் இயற்கை அறிவியல் கற்பித்த ஜார்ஜ் பர்க்பெக் என்னும் மருத்துவர், தம் சோதனைக்கருவியைச் செய்துகொடுத்த தொழிலாளர் அதன் தத்துவத்தை அறியத் துடிப்பதைக் கண்டார். 1800ஆம் ஆண்டளவில் அவர்களுக்கென இலவசச் சொற்பொழிவுகள் தொடங்கினார். 1823இல் இலண்டன் மெக்கானிக்குகள் கல்விக்கழகம் அவர் முயற்சியால் எழுந்தது. தொழிலாளர் படித்தால் அடங்கமாட்டார்கள் என்று அஞ்சியவர்கள் அப்போதும் இருந்தனர். நாடெங்கும் இத்தகைய கழகங்கள் பெருகின. ஆனால் பலவற்றில் தொழிலாளரைக் காட்டிலும் எழுத்தர்களும் கடைக்காரர்களுமே இருக்கைகளை நிரப்பினர் என்பதையும் மறைக்கலாகாது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனுக்கு மாலையில் வடிவகணிதம் எளிதில் ஏறுமா?

இயந்திரங்கள் பெருகப் பெருக, அவற்றைச் செய்வோரையும் செப்பனிடுவோரையும் மட்டுமே குறிப்பதாக இச்சொல் சுருங்கிற்று. நெசவாளரும் தையற்காரரும் அதனின்று விடுபட்டனர். பர்க்பெக் நிறுவிய கழகமோ 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாயிற்று. பகலில் வேலைக்குச் செல்வோர் இன்றும் அங்கே மாலை வகுப்புகளில் பயில்கின்றனர்.