அனிமே முகம் புரியுது, அம்மா முகம் புரியலையா? ஆட்டிசம் குழந்தைகளும் கார்ட்டூனும்!

நெற்றியில் நரம்பு புடைத்தால் கோபம். தலையோரம் பெரிய வியர்வைத் துளி வழிந்தால் சங்கடம். அனிமே முகத்தில் எதுவும் ஒளிந்திருப்பதில்லை. நிஜ மனிதர்கள் அப்படியா? பல்லைக் கடித்துக்கொண்டே, "எனக்கொண்ணும் கோவமில்லை" என்போம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் தடுமாறுவது அங்கேதான்.

2008-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இந்தக் குழந்தைகள் கார்ட்டூன் முகங்களின் உணர்ச்சியை மற்ற குழந்தைகளைப் போலவே அணுகினார்கள். நிஜ முகங்களைக் காட்டியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

அப்போ, அனிமேவே தெரபியா? அவசரப்பட வேண்டாம். திரையில் புரிந்தது வீட்டு ஹாலிலும் புரிய வேண்டுமே! அதற்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சைமன் பாரன்-கோஹன் குழு, ட்ராம், கேபிள் கார் போன்ற வண்டிகளில் நிஜ மனித முகங்களை ஒட்டி 'தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' என்ற அனிமேஷன் தொடரை உருவாக்கியது. 4 முதல் 7 வயதுக் குழந்தைகள் தினமும் 15 நிமிடம், 4 வாரங்கள் பார்த்தார்கள். உணர்ச்சிகளை அடையாளம் காண்பதில் நல்ல முன்னேற்றம். ஆனால், பிறகு ஆஸ்திரேலியாவில் கற்றல் சிரமம் அதிகமுள்ள குழந்தைகளிடம் சோதித்தபோது பலன் சொற்பம்தான். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மருந்து கிடையாது.

போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதில் பெரிய லாபமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ் பட்டனை அழுத்தி, "இவன் ஏன் அழறான்? தாத்தா எப்ப இப்படி மூஞ்சிய வச்சுப்பாரு?" என்று கேட்கலாம். கதாபாத்திரத்தின் டயலாக்கையே குழந்தை திரும்பத் திரும்பச் சொல்கிறதா? அதட்டி நிறுத்த வேண்டாம். பசியையோ பயத்தையோ சொல்ல அதற்குக் கிடைத்த வாக்கியம் அதுவாக இருக்கலாம். எந்த நேரத்தில் எந்த டயலாக் வருகிறது என்று கவனித்தாலே பாதி புரிந்துவிடும்.

(அனிமே பார்ப்பதால் ஆட்டிசம் வராது. வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபார்வர்ட் பண்ணாதீங்க!)

உண்மையில் உஷாராக இருக்க வேண்டியது வேறொன்றில். 1997 டிசம்பர் 16, ஜப்பான். போகிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் படபடவென மாறி மாறி மின்னின. 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு உள்ள எல்லோரையும் மின்னும் வெளிச்சம் பாதிக்காது என்றாலும், முன்பு வலிப்பு வந்த குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஜப்பானிய டிவிக்கள் அனிமே தொடங்கும் முன் காட்டும் அறிவிப்பு ரொம்ப சிம்பிள்: அறையில் லைட்டைப் போடுங்கள், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். போர்வைக்குள் போனை வைத்துப் பார்க்கும் குழந்தைக்கு இந்த இரண்டுமே இல்லை.