முகாமுக்கு அனுப்பலாமா?
நீண்டகால நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு

சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பும் இரண்டு நாள் முகாம். பள்ளியிலிருந்தோ இளைஞர் மன்றத்திலிருந்தோ வரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவது பெரும்பாலான வீடுகளில் ஒரு நிமிட வேலை. முதல் வகை நீரிழிவோ ஆஸ்துமாவோ வலிப்பு நோயோ உள்ள பிள்ளையின் வீட்டில் அப்படியன்று. "இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லிப் பெற்றோர் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த வருடமும் அதே விடைதான் கிடைக்கிறது. பிள்ளையோ, நண்பர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகளைக் கேட்பதோடு நின்றுவிடுகிறது.

அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: நோய் கட்டுக்குள் இருந்து, மருத்துவரும் இசைந்து, முன்னேற்பாடும் முறையாக இருந்தால் தாராளமாக அனுப்பலாம். தன் உடலைத் தானே கவனித்துக்கொள்ளும் பழக்கம் ஒருநாள் பிள்ளைக்கு வந்தே ஆகவேண்டும். பெரியவர்கள் அருகில் இருக்கும் முகாம் அதற்கு ஏற்ற தொடக்கம்.

முகாம் வந்த வழி

இங்கிலாந்தில் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்னும் தீவுக்கு ஏறத்தாழ இருபது சிறுவர்களை பேடன் பவல் அழைத்துச் சென்ற முகாமிலிருந்தே சாரணர் இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், மாணவர்களை ஏழு நாள் சிறப்பு முகாமாகக் கிராமங்களில் தங்க வைக்கிறது.

நோயுள்ள பிள்ளைகளுக்கான முகாமும் புதியதன்று. இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். மூன்றே ஆண்டுகளில், 1925-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லியோனார்ட் வென்ட் என்னும் மருத்துவர் நீரிழிவுள்ள குழந்தைகளுக்கென முகாம் நடத்தினார். உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த குழந்தைகள் ஓடியாடவும் வேண்டும் என்று மருத்துவ உலகம் அப்போதே எண்ணியது.

உத்திரமேரூர்ப் பக்கம்

உத்திரமேரூர்ப் பகுதி இளைஞர் முகாமுக்கு ஏற்ற இடம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில், குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நேரில் காணலாம். ஏரியைப் பேணத் தனியாக ஏரி வாரியம் இருந்ததை அறிந்த பின் ஏரிக்கரையில் நடப்பதன் சுவையே வேறு. குளிர்காலத்தில் வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் பறவைகள் கூடியிருக்கும். மார்கழி, தை மாதங்கள் நடப்பதற்கு இதமானவை. கத்திரி வெயிலில் இப்பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

நீரிழிவுள்ள பிள்ளைக்கு

நாள் முழுவதும் நடந்த பிள்ளைக்குச் சர்க்கரை பகலில் மட்டும் குறைவதில்லை. களைத்த தசைகள் இரவிலும் சர்க்கரையை ஈர்த்துக்கொண்டிருப்பதால், உறக்கத்திலும் தாழ்சர்க்கரை வரலாம். ஆகவே படுக்கும் முன் கட்டாயமாகவும், நள்ளிரவில் ஒருமுறையும் சோதிக்க வேண்டும். இன்சுலின் அளவை எவ்வளவு மாற்றுவது என்பதை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தருவார். எக்காரணம் கொண்டும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். சோதனையில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் விடக் கூடாது. பனிக்கட்டி மீது நேரடியாக வைத்தாலும் கெட்டுவிடும். குளிர்பெட்டி இல்லாத இடத்தில், ஈரமணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சிறு பானையை இறக்கி, அதனுள் நெகிழிப் பையில் கட்டி வைத்து மூடி நிழலில் வைக்கலாம்.

ஆஸ்துமாவும் வலிப்பும்

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு முகாமின் தீமூட்டமே முதல் எதிரி. காற்று வரும் திசையில், புகை எட்டாத தொலைவில் அமரச் சொல்லுங்கள். இழுப்பு மருந்து பிள்ளையின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். பொறுப்பாளரின் பெட்டியில் பூட்டி வைத்த மருந்து மூச்சுத் திணறும் நேரத்தில் கைக்கு எட்டாது.

வலிப்பு நோயுள்ளவர்களுக்கு உறக்கக் குறைவும் மருந்து தவறுவதும் ஆபத்து. விடிய விடியக் கதை பேசும் இரவில் இவ்விரண்டும் எளிதில் நேர்ந்துவிடும். உறங்கும் நேரத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஏரி, கிணறு, மரமேறுதல், கயிறேறுதல் ஆகியவை இவர்களுக்கு வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிப்பதும், வாயில் துணி வைப்பதும் பயனற்றவை; காயத்தையும் உண்டாக்கலாம். தலைக்கு அடியில் மென்மையான துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும்

வயலும் வரப்பும் உள்ள இடத்தில் பாம்பு இருக்கும். கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குபவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. பல நேரம் வலியோ பல்தடமோ தெரிவதில்லை. விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலியும் கண்ணிமைத் தளர்ச்சியும் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கட்டிலோ, ஜிப் மூடிய கூடாரமோ, பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலையோ பாதுகாப்புத் தரும். இருட்டில் டார்ச்சும் காலணியும் இன்றி நடக்கக் கூடாது. கடிபட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு. மோதிரம், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கை கால் அசையாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்த நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலும் சேகரிக்கப்படுகிறது. முகாமுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

ஏரிகளில் மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். நீந்தத் தெரிந்தவர்களும் அவற்றில் தப்புவது அரிது. ஏரியைக் கரையிலிருந்து பார்ப்பதே போதும்.

எப்போது அனுப்பக் கூடாது?

அண்மையில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தாலோ, மருந்தின் அளவு புதிதாக மாற்றப்பட்டிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வலிப்பு அடிக்கடி வந்துகொண்டிருந்தாலோ இம்முறை வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து பெற்றுவரும் பிள்ளைக்குத் தொற்று அபாயம் மிகுதி. சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சொல்லே முடிவு.

புறப்படும் முன்

இரண்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயின் பெயர், மருந்துகள், அளவு, நேரம், ஆபத்தின் அறிகுறிகள், செய்ய வேண்டிய முதலுதவி, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதி, ஒரு படியைப் பொறுப்பாளரிடமும் மற்றொன்றைப் பிள்ளையிடமும் கொடுங்கள். மருந்தைத் தேவைக்கு இருமடங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, அங்கே செல்லும் வண்டி எது என்பதைப் பொறுப்பாளரிடம் கேட்டறியுங்கள். அவரால் விடை சொல்ல இயலாவிட்டால் அந்த முகாம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கொள்ளலாம்.

நோயைப் பற்றி நண்பர்களிடம் சொல்வதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஆனால் கூடாரத்தில் உடன் தங்கும் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. போகும் முன் ஒரு வாரம், சோதனையையும் ஊசியையும் இழுப்பு மருந்தையும் உங்கள் கண் முன்னே பிள்ளையே செய்யட்டும்; நீங்கள் அருகில் இருந்து பார்த்தால் போதும். தவறு நேர்ந்தால் வீட்டிலேயே திருத்திக்கொள்ளலாம். அந்த ஒரு வாரமும் பிசகின்றிக் கழிந்தால், படிவத்தில் கையெழுத்திடத் தயங்க வேண்டாம்.