ஸ்டே கம்பியைக் கழற்றினார்கள். 646 மீட்டர் கோபுரம் விழுந்தது!

போலந்து நாட்டில் 646 மீட்டர் உயர ரேடியோ கோபுரம் ஒன்று இருந்தது. 1974-ல் கட்டி முடித்தார்கள். உலகத்திலேயே அப்போது அதுதான் உயரம்!

1991 ஆகஸ்டு 8-ந்தேதி அது ஒடிந்து விழுந்தது. இடியா? புயலா? இல்லை. ரிப்பேர் வேலை!

உச்சியில் பழைய ஸ்டே கம்பிகளை மாற்றிக்கொண்டு இருந்தார்கள். காற்று ஒன்று வீசியது. தற்காலிகமாகக் கட்டிய கம்பிகள் தாங்கவில்லை. கோபுரம் முறுக்கிக்கொண்டு நடுவில் ஒடிந்தது. நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை.

லைசென்சு வாங்கி, வீட்டில் கம்பம் நட்டு "ஹாம் ரேடியோ" பேசுகிறார்களே, அவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

3 பக்கம்

தெருவில் மின்கம்பத்தை இழுத்துப் பிடித்திருக்குமே, அதுதான் ஸ்டே கம்பி. ஹாம் கம்பத்துக்கு ஒரு பக்கம் போதாது. காற்று எப்படியும் வரும். சம இடைவெளியில் 3 பக்கம் கட்டணும். 10 மீட்டர் கம்பம் என்றால் 8 மீட்டர் தள்ளிக் கட்டுவது வழக்கம்.

இடமில்லை என்று சிலர் அடியிலேயே கட்டிவிடுகிறார்கள். அது கட்டினதே இல்லை! கம்பி பக்கவாட்டில் பிடிக்காது. கம்பத்தைக் கீழேதான் அமுக்கும். அளவுக்கு மீறி முறுக்கினாலும் அமுக்கும், கம்பம் வளைந்துவிடும்.

கம்பி நடுவே முட்டை மாதிரி பீங்கான் இருக்கும். ரேடியோ அலையைக் கம்பி கெடுக்காமல் இருக்க அது. மேல்கம்பியும் கீழ்க்கம்பியும் அதற்குள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போகும். பீங்கான் உடைந்தாலும் கம்பி பிரியாது.

துருப்பிடித்த கம்பியை மாற்றணுமா? தாங்குகிற கம்பியைக் கட்டி இறுக்கிய பிறகுதான் பழசைத் தொடணும். மேலே ஆள் இருக்கும்போது கீழே ஒருத்தரும் ஸ்டேயைக் கழற்றக்கூடாது.