குழந்தைகளுக்கு வரும் காரணம் புலப்படாத வாந்தி: மனநலக் காரணிகள்

ஒரு குழந்தை அடிக்கடி வாந்தி எடுத்தும், ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ எந்தக் குறையும் தெரியாவிட்டால், அதைச் செயல்பாட்டு வாந்தி என்பர். உறுப்பில் பழுதில்லை, அது இயங்கும் விதத்தில்தான் கோளாறு என்பது இதன் பொருள். குழந்தை நடிக்கிறது என்பதன்று.

வாந்தி வரும் வழி

வாந்தியைத் தூண்டும் மையம் மூளைத்தண்டின் முகுளப் பகுதியில் உள்ளது. இரைப்பையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக அங்கே செய்தி செல்கிறது. அச்சத்தையும் பதற்றத்தையும் உணரும் மூளைப் பகுதிகளிலிருந்தும் செய்தி செல்கிறது. பதற்றம் மிகும்போது இரைப்பை காலியாவதும் தாமதமாகலாம். பள்ளி வேன் வரும் நேரத்தில் காலை உணவு வெளியே வருவது இதனால்தான்.

மனக் காரணங்கள்

தேர்வு பயம், புதிய பள்ளி, சக மாணவரின் கேலி, பெற்றோர் சண்டை, நெருங்கியவரின் மரணம், உடல் அல்லது பாலியல் துன்புறுத்தல் ஆகியவை முக்கியமானவை. பயத்தைச் சொல்லத் தெரியாத வயதில் அது வயிற்றில் தெரியும்.

சுழற்சி வாந்தி என்பது தனி வகை. இதனை லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1882இல் விவரித்தார். கடும் வாந்தி சில மணி நேரமோ சில நாட்களோ நீடித்து, பின் குழந்தை முற்றிலும் நலமாகிவிடும். ஒற்றைத் தலைவலியோடு இதற்குத் தொடர்புண்டு. கவலை மட்டுமின்றி, பிறந்தநாள், சுற்றுலா போன்ற மகிழ்ச்சியான பரபரப்பும் இதைத் தூண்டலாம்.

பதின்பருவத்தினர் எடை கூடிவிடுமோ என்று அஞ்சித் தாமே வாந்தியை வரவழைப்பதும் உண்டு. இதற்கு மனநலச் சிகிச்சை தேவை.

முதலில் விலக்க வேண்டியவை

பச்சை நிற வாந்தி, ரத்தம், எடை குறைவு, விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி, அதிகத் தாகமும் சிறுநீரும், சோர்ந்து மயங்குதல் ஆகியவை உடல்நோயின் அறிகுறிகள். இவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்னை வட்டாரத்தில் சிலர் 'தொக்கம்' எடுக்க அழைத்துச் செல்கின்றனர்; அதனால் சிகிச்சை தாமதமாகும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

வாந்தி வந்த நாள், நேரம், முன் நடந்தவை ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். விடுமுறையில் நின்று, பள்ளி திறந்ததும் தொடங்கினால் அதுவே துப்பு. திட்டாமல், தனியாக அமர்ந்து கேட்க வேண்டும். பள்ளியை நிறுத்திவிட்டால் பயம் வளரும். ஆசிரியரோடு பேசிப் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

எங்கே செல்லலாம்

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு திசையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும், மறு திசையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைத் துன்புறுத்தலுக்கு 1098 ஆகியவை கட்டணமில்லா எண்கள்.