10 மணி நேரம் கழிச்சும் வேகாத பட்டாணி

இன்னைக்கு எபிசோட்ல கோட் இல்ல, சர்வர் இல்ல. ஒரு சூப்தான். ஸ்லோ குக்கர்ல செய்யற பட்டாணிப் பருப்பு சூப். ஆனா இதுவும் ஒரு டீபக்கிங் கதைதான், அதனால நம்ம ஆளுங்களுக்கு ஒத்து வரும்னு நினைக்கிறேன்.

நான் இருக்கிறது கனடாவில், ஒன்டாரியோ பக்கம், வாட்டர்லூ. போன ஜனவரில என் ரூம்மேட்டுக்கு ஒரே நாள்ல நாலு ஞானப் பல்லையும் எடுத்துட்டாங்க. ரெண்டு கன்னமும் பன் மாதிரி வீங்கி, மெல்லவும் முடியாம பேசவும் முடியாம உட்கார்ந்திருந்தான். வெளியே மைனஸ் 18. "நீ கவலைப்படாத, நாளைக்கு சாயங்காலம் சூடா ஒண்ணு செஞ்சு தர்றேன்"னு நான்தான் வாய் விட்டேன். ரசம் சாதத்தைக் குழைய வடிச்சுக் குடுத்திருக்கலாம். ஆனா அந்த வாரம்தான் பழைய ஸ்லோ குக்கர் ஒண்ணு 15 டாலருக்கு வாங்கியிருந்தேன். இந்த ஊர்ல குளிர்காலம்னா ஸ்ப்ளிட் பீ சூப். அதைச் செஞ்சு பார்த்திடணும்னு ஒரு ஆசை.

காலையில 8 மணிக்குப் பருப்பு, வெங்காயம், கேரட், ஒரு டின் தக்காளி, தண்ணி எல்லாத்தையும் போட்டு, குமிழை 'லோ'ல வச்சிட்டு ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் 6 மணிக்கு வந்து கதவைத் திறந்தா வாசனை பிரமாதம். குக்கரோட மூடியைத் திறந்து கரண்டியை விட்டா, அடியில் சரளைக்கல் சத்தம். ஒண்ணை எடுத்துக் கடிச்சேன். கடிச்சேன்னு சொல்ற அளவுக்கு அது இருந்துச்சுங்கறதுதான் பிரச்சினையே. பல் இல்லாதவனுக்குச் செஞ்ச சூப் அது. அவனால பேச முடியாததால எனக்குத் திட்டு விழல. தயிரைக் கரைச்சுக் குடிச்சிட்டுப் போய்ப் படுத்துட்டான்.

10 மணி நேரம். பிரஷர் குக்கர்ல 4 விசில்ல குழையற பருப்பு. எப்படி?

இதுல எரிச்சல் என்னன்னா, இருக்கிறதிலேயே சுலபமா வேகணும் இந்தப் பருப்பு. காய்ஞ்ச பட்டாணியோட தோலை எடுத்துட்டு ரெண்டா உடைச்சா ஸ்ப்ளிட் பீஸ். தோல் இல்லாததால தண்ணி நேரா உள்ளே போகும், ஊற வைக்கவே வேண்டாம். வெந்ததும் உடைஞ்சு, உள்ளே இருக்கிற மாவுச்சத்து தண்ணியில கரைஞ்சு தானே கெட்டியாகும். க்ரீம் வேண்டாம், மைதா வேண்டாம். பச்சை, மஞ்சள்னு ரெண்டு நிறத்துல கிடைக்கும், ரெண்டும் ஒரே செடிதான். முத்தும்போது பச்சையத்தைச் சிதைக்கிற ஒரு மரபணு ஒழுங்கா வேலை செஞ்சா மஞ்சள், செய்யலைன்னா பச்சை. மெண்டல் தோட்டத்துல உட்கார்ந்து எண்ணிப் பார்த்த மஞ்சளும் பச்சையும் இதேதான். சூப்புக்குப் பச்சை கொஞ்சம் இனிப்பா இருக்கும், மஞ்சள் சாதுவா இருக்கும். இந்தியக் கடையில மஞ்சளை வாங்கறீங்கன்னா பாக்கெட்டைப் படிச்சு வாங்குங்க. பக்கத்துலயே கடலைப் பருப்பு அதே முகத்தோட நிக்கும். அது வேற ஆள், வேக இன்னும் நேரம் எடுக்கும்.

சரி, முதல் சந்தேகம் மெஷின் மேல. ஸ்லோ குக்கர்னா உள்ளே ஒரு பீங்கான் பாத்திரம், அதைச் சுத்தி ஹீட்டர் கம்பி, அவ்வளவுதான். என்னோடது 210 வாட். லோ, ஹை ரெண்டுக்கும் வேற வேற வெப்பநிலைன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். பெரும்பாலான மாடல்ல ரெண்டுமே கடைசியில் போய் நிக்கிறது கிட்டத்தட்ட ஒரே சூட்டுலதான், கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே. ஹை அங்கே 3, 4 மணி நேரத்துல போகும். லோ போய்ச் சேர 7, 8 மணி நேரம் ஆகும். அதனால லோல வச்ச சாப்பாடு பாதி நாளை வெதுவெதுப்பாவே கழிச்சிருக்கும். கேஸ் அடுப்புல வேகலைன்னா தீயைக் கூட்டி, கொதிக்க விட்டு, கரண்டியால மசிச்சு எப்படியாவது கரையேத்திடலாம். இங்க அது முடியாது. போடும்போது என்ன தப்பு பண்ணீங்களோ, அதைச் சாயங்காலம் வரைக்கும் பத்திரமா வச்சிருந்து குடுக்கும்.

இது பருப்புக்குன்னே பிறந்த மெஷின்ங்கறது இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவுல இர்விங் நாக்ஸன்னு ஒரு எஞ்சினியர் இதுக்கு 1940ல காப்புரிமை வாங்கினார். அவங்க அம்மா லிதுவேனியாப் பக்கம் வில்னால இருந்து வந்தவங்க. அங்க யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்கு முன்னாடி பீன்ஸும் இறைச்சியும் போட்ட சோலன்ட் பானையைப் பேக்கரியில குடுத்துடுவாங்க. ஓய்வுநாள்ல அடுப்பு மூட்டக் கூடாது. அடங்கிக்கிட்டு வர்ற பேக்கரி அடுப்புச் சூட்டுலயே ராத்திரி பூரா அது வேகும். அந்தக் கதையைக் கேட்டுச் செஞ்ச மெஷினுக்கு அவர் வச்ச பேரே 'பீனரி'. 1970ல ரைவல்னு ஒரு கம்பெனி அதை வாங்கி, அடுத்த வருஷம் கிராக்-பாட்னு பேரை மாத்தி வித்துச்சு. பீன்ஸ் வேக வைக்கப் பிறந்த மெஷின்ல பட்டாணி வேகலைன்னா, கோளாறு மெஷின்ல இல்ல. அதுக்குள்ள போனதுல.

அம்மாவுக்கு போன் போட்டேன். ஒரே கேள்வி. "என்ன தண்ணிடா ஊத்தின? உப்புத் தண்ணில பருப்பு வேகாதுடா."

இங்கதான் கதை திரும்புது. செடியோட செல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிருக்கிற பசைக்குப் பெக்டின்னு பேர். ஜாம் கெட்டியாகுதே, அதே பெக்டின்தான். பருப்பு வேகுதுன்னா அந்தப் பசை கரைஞ்சு செல்கள் பிரியுதுன்னு அர்த்தம். தண்ணியில கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருந்தா அதுங்க பெக்டின் இழைகளுக்கு நடுவுல கொக்கி மாதிரி மாட்டிக்கும். அப்புறம் பசை கரையாது. புளிப்பு இருந்தாலும் இதே கதிதான், அமிலத்துல செல் சுவர் சீக்கிரம் கரையாது. அதனாலதான் சாம்பாருக்குப் பருப்பைத் தனியா வேக வச்சிட்டு அப்புறம் புளி ஊத்துறோம். நான் ஒரு டின் தக்காளியைக் காலையிலயே கொட்டினவன். மூணாவது, வயசு. சூடும் ஈரமுமா இருக்கிற இடத்துல ரொம்ப நாள் கிடந்த பருப்புக்குள்ள, ஃபைடேட்ல கட்டுண்டு கிடந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டுப் பெக்டினைப் போய்ப் பிடிச்சுக்கும். நல்ல தண்ணியில போட்டாலும் அது வேகாது. என் பாக்கெட், முந்தைய வாடகைக்காரர் ஹீட்டருக்கு மேல இருக்கிற அலமாரியில விட்டுட்டுப் போனது. மூணு தப்பையும் ஒரே ரிலீஸ்ல தள்ளியிருக்கேன்.

இதுல தண்ணிதான் எனக்கு ஆச்சரியம். வாட்டர்லூ பகுதிக்குப் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான், சுண்ணாம்புச் சத்து கலந்த கடின நீர். கெட்டில்ல ரெண்டு வாரத்துல வெள்ளைப் படலம் கட்டும். அதனால வீட்டுக்கு வீடு பேஸ்மென்ட்ல வாட்டர் சாஃப்ட்னர் ஒண்ணு நிக்கும், அதுக்கு மூட்டை மூட்டையா உப்பு வாங்கிப் போடுவாங்க. "எங்க வீட்டுலயும் இருக்கே"ன்னு வீட்டு ஓனர்கிட்ட கேட்டேன். இருக்கு, ஆனா சமையலறையோட குளிர்ந்த தண்ணிக் குழாயை மட்டும் சாஃப்ட்னருக்குப் போகாம நேரா விட்டிருக்காங்களாம். குடிக்கிற தண்ணியில சோடியம் சேர வேண்டாம்னு நிறைய வீட்டுல இப்படித்தான். நான் பிடிச்சது அந்தக் குழாய்ல. சுடுதண்ணிக் குழாய்ல பிடிக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும், வேண்டாம். சூடான தண்ணி பழைய குழாய்ல இருக்கிற ஈயம் மாதிரி உலோகங்களை அதிகமா இழுத்துட்டு வரும். சமையலுக்குக் குளிர்ந்த குழாய்தான்.

இப்ப அம்மா சொன்னதை யோசிங்க. உப்புத் தண்ணில பருப்பு வேகாது. நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்த 'உப்பு' நம்ம சோத்துல போடற உப்பு இல்ல, கிணத்துலயும் போர்லயும் வர்ற கால்சியம், மக்னீசியம் உப்பு. ஒரே சொல் ரெண்டு பொருளையும் தூக்கிக்கிட்டு இருக்கிறதால, பருப்புல முதல்லயே உப்புப் போட்டா வேகாதுங்கற நம்பிக்கையும் கூடவே ஒட்டிக்கிச்சுன்னு நான் சந்தேகப்படுறேன். நிஜத்துல சாப்பாட்டு உப்புல இருக்கிற சோடியம் அந்தக் கால்சியம் கொக்கியைக் கழட்டத்தான் உதவுது. பேஸ்மென்ட்ல நிக்கிற சாஃப்ட்னர் பண்றதும் அதேதான், கால்சியத்தைப் பிடிச்சு வச்சிக்கிட்டு சோடியத்தை விடுது. உப்புத் தண்ணியை உப்பு போட்டுச் சரி பண்றாங்க. இதை அம்மாகிட்ட சொன்னேன். "சரிடா, அவனுக்கு என்ன குடுத்த?"ன்னு கேட்டாங்க.

அடுத்த நாள் டெஸ்ட். மூணு சின்னப் பாத்திரம், புதுசா வாங்கின ஒரே பாக்கெட் பருப்பு, ஒரே அளவு தீ. ஒண்ணுல குழாய்த் தண்ணி, ஒண்ணுல கடையில வாங்கின டிஸ்டில்டு வாட்டர், ஒண்ணுல டிஸ்டில்டு வாட்டரோட தக்காளி. 50 நிமிஷத்துல ரெண்டாவது பாத்திரம் கூழ். முதலாவது வெந்திருக்கு, ஆனா நறநறன்னு மணல் மாதிரி. தக்காளிப் பாத்திரத்துல பருப்பு முழுசு முழுசா முறைச்சுட்டு இருந்துச்சு. எங்க வீட்டுல முதல் குற்றவாளி தக்காளி, ரெண்டாவது தண்ணி.

இப்ப சரியா வர்ற முறையைச் சொல்றேன். 450 கிராம் பருப்பு, இங்க ஒரு பவுண்டு பாக்கெட். கழுவி, கல் பொறுக்கிட்டு, 1.7 லிட்டர் மென்மையான தண்ணி. சென்னையில போர் தண்ணியில சமைக்கிறவங்க கேன் தண்ணி ஊத்துங்க. அதுக்கு வழியில்லன்னா கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும். கூடிப் போனா சோப்பு வாடை வரும், தயமின்னு ஒரு வைட்டமினும் போயிடும். பெரிய வெங்காயம் ஒண்ணு, கேரட் ரெண்டு, செலரித் தண்டு ரெண்டு, பூண்டு நாலு பல், பே லீஃப் ஒண்ணு. நம்ம பிரிஞ்சி இலை வேற மரம், பட்டை வாசனை வரும், போட்டா தப்பில்ல, சூப் கொஞ்சம் பிரியாணிப் பக்கம் சாயும். வெங்காயத்தை வதக்கிப் போட்டா ருசி கூடும். காலையில எனக்கு அந்தப் பொறுமை இல்ல, அப்படியே போடுறேன். கேரட் பருப்பை விட மெதுவா வேகும், அதனால சின்னதா நறுக்கி அடியில் போடுங்க.

இந்த ஊர்க்காரங்க புகையிட்ட பன்றிக்கால் எலும்பு ஒண்ணு போடுவாங்க, அதுல இருந்துதான் அந்தப் புகை வாசனை. அது போடறீங்கன்னா உப்பைக் கடைசியில் ருசி பார்த்துட்டுப் போடுங்க, எலும்புலயே உப்பு நிறைய இருக்கும். எங்க வீட்டுல சைவம், ஸ்மோக்டு பாப்ரிகா அரை டீஸ்பூன், காலையிலயே ஒரு டீஸ்பூன் உப்பு. ஆமா, முதல்லயே. லோல 8 மணி நேரம், ஹைல 4ல இருந்து 5. நடுவுல மூடியைத் திறந்து பார்க்காதீங்க, ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷம் பின்னாடி போகும். 'வார்ம்'ங்கறது வெந்ததைச் சூடா வைக்க மட்டும்தான். கடைசியில மிளகுத் தூள், எலுமிச்சை அரை மூடி. புளிப்பு இப்பதான் உள்ளே வரணும். தக்காளி ஆசை இருந்தா அதுவும் இப்பதான். சீரகம், காஞ்ச மிளகாய் தாளிச்சு ஊத்தினா அது பருப்புக் கடைசலா மாறிடும். நல்லாவே இருக்கும், ஆனா அது வேற எபிசோட்.

பல் எடுத்தவங்களுக்குன்னா இலையை எடுத்துட்டு, மசிச்சு, ஆற வச்சு வெதுவெதுப்பா குடுங்க. ஸ்ட்ரா போட்டுக் குடிக்க விடாதீங்க, உறிஞ்சுற வேகத்துல பல் இருந்த குழியில உறைஞ்ச ரத்தம் கழண்டுக்கும், வலி பின்னி எடுத்துடும்.

மிச்சத்தைப் பாத்திரத்தோட விடாம, அகலமான டப்பாக்கள்ல பிரிச்சு 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. மறுநாள் அது சூப்பா இருக்காது, கத்தியால வெட்டற மாதிரி இறுகிடும். பயப்படாதீங்க, தண்ணி ஊத்தி அடுப்புல சூடு பண்ணா இளகிடும். ஸ்லோ குக்கர்லயே திரும்பச் சூடு பண்ண வேண்டாம், கிருமி வளர்ற சூட்டுல ரொம்ப நேரம் நிக்கும்.

ஒரு கேள்வி வந்திருக்கு, இதை மட்டும் சீரியஸா எடுத்துக்கங்க. "இதே மாதிரி ராஜ்மாவையும் ஊற வச்சு நேரா ஸ்லோ குக்கர்ல போடலாமா?" கூடாது. நாங்க போட்டிருக்கோம். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், இன்னொரு வீட்டுல இருந்த ஒரு குக்கர். மூணு பேர், ஒரே பாத்ரூம். சாப்பிட்டு 2 மணி நேரத்துல ஆரம்பிச்சது, விடியற வரைக்கும் வரிசை. ராஜ்மாவுல ஃபைட்டோஹீமக்ளூட்டினின்னு ஒரு லெக்டின் இருக்கு. நல்லாக் கொதிச்சாதான் அது அழியும். 80 டிகிரி மாதிரி அரைகுறைச் சூட்டுல நின்னா பச்சையா இருக்கிறதை விடவும் மோசமாகலாம். ஸ்லோ குக்கர் பாதி நாள் நிக்கிறது அந்தச் சூட்டுலதான். குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில அடுப்புல 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு, அப்புறம் குக்கர்ல போடுங்க. இல்ல பிரஷர் குக்கர்லயே முடிச்சிடுங்க. பட்டாணிப் பருப்புல இந்தத் தொல்லை இல்ல, அதைத் தைரியமா காலையில போட்டுட்டுக் கிளம்பலாம்.

ரூம்மேட்டுக்கு அந்தச் சூப் நாலாவது நாள் கிடைச்சது. அதுக்குள்ள அவன் இட்லி சாப்பிட ஆரம்பிச்சிருந்தான். ரெண்டு கிண்ணம் குடிச்சிட்டு, "உப்பு கம்மி"ன்னான். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.